ஒரு சாரி போதாது

கப்பலூர் சிட்கோ, ரப்பர் வாஷர் கம்பெனி.
ஒசாகாவுக்கு ஜெபசிங் சார் அடித்த மெயிலில்
இரண்டு துக்கத்துக்கும் ஒரே வார்த்தை:
சரக்குத் தாமதத்துக்கும் தங்கள் தாயார் மறைவுக்கும்
சாரி.

ஆங்கிலத்தில் அது நிற்கும்.
ஜப்பானியத்தில் நிற்காது.

வாஷருக்கு எழுதினேன்:
மோஷிவாகே கொசாய்மாசென்.
பிரித்தால், சொல்லச் சாக்கு எதுவுமில்லை.
இருந்தது. நாலு நாள் கரண்ட் இல்லை.

பெரியார் பஸ்ஸில் என் காலை மிதித்தவனும்
சாரிக்கா என்றான்.
அதற்கும் அங்கே தனிச் சொல் உண்டு,
இன்றைக்கு அது வேண்டாம்.

அம்மாவுக்கு?
அகராதி ஐந்து தந்தது.
அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு:
இரங்கல் கடிதத்தில் 'மீண்டும்' ஆகாது,
சாவு திரும்பி வரும்.

சார் வழக்கம்போல முடித்திருந்தார்:
மீண்டும் மதுரையில் சந்திப்போம்.

போன மாசம் செல்லூரில்
சுகந்தியின் அப்பா கேதத்தில்
வாய்வரை வந்த 'வர்றேன்'-ஐ
விழுங்கிக்கொண்டு
செருப்பைத் தேடினேன்.

வரியை அழித்தேன்.

பிரிண்ட்டைப் பார்த்துச் சார் கேட்டார்:
என்னம்மா, கடைசியில ஒரு வரி குறையுது?

கேத வீடு சார், என்றேன்.