ஆறாம் நாள்

திங்கட்கிழமை என்றிருந்தார்கள்.
வியாழன் காலையே கைசா வந்து
தேறிவிட்டார், வீட்டுக்குப் போகலாம் என்றாள்.
அந்தக் கட்டிலுக்கான அடுத்த ஆள்
காரிடாரில் உட்கார்ந்திருந்தார்,
தொப்பியைக்கூடக் கழற்றாமல்.
அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

இருபது நிமிடத்தில் கற்றுக்கொண்டேன்:
கழுத்துத் துளைக்குள் எவ்வளவு ஆழம் போகலாம்,
எதுவரை உறிஞ்சலாம்,
மூக்குக் குழாயில் சத்துப்பால்
எவ்வளவு மெல்ல இறங்க வேண்டும்.
காகித ஆலை வாசலில்
முப்பது வருடம் மரலாரிகளை எடைபோட்டவள் நான்.
நல்லா வருது உங்களுக்கு என்றாள்.
எல்லாரிடமும் சொல்வாள்.

இருபத்துநான்கு பாட்டில், நான்கு பக்கத் தாள்,
அதன் அடியில் ஒரு தொலைபேசி எண்.
உறிஞ்சும் எந்திரத்தைப் பின்சீட்டில் வைத்து
குழந்தைக்குப் போல பெல்ட் மாட்டினேன்.

ஔலுவிலிருந்து கெமி நூறு கிலோமீட்டர்.
பேசாமல் வந்தோம். முன்பும் அப்படித்தான்;
இந்தச் சாலையில் ஐமோ வாய்திறப்பது
கலைமான் குறுக்கே வந்தால்தான்.
இடது மணிக்கட்டின் தோல்
இப்போது அவன் நாக்கு.
அதற்கு வாட்ச் கட்டித்தான் பழக்கம்.

இரவு இரண்டே முக்கால்.
குழாயில் மெல்லிய விசில்.
உதடு நீலமா இருக்கா? என்கிறது
அந்த எண்ணில் ஓர் இளம் குரல்.
எங்கள் படுக்கையறை விளக்கு மஞ்சள்.
மஞ்சளில் நீலத்தை எப்படிக் கண்டுபிடிக்க?
நடுங்கும் கைக்கு
முழங்கையை அவன் மார்பில் ஊன்றினேன்.
உப்புநீர் ஐந்து சொட்டு. குழாய். பட்டன்.
ஒன்று, இரண்டு,
வந்தது,
பழுப்பாய், ஒரு பட்டாணி அளவு.
இவ்வளவுதானா.

மூச்சு வந்ததும் எழுதுபலகையைக் கேட்டான்.
பயம் என்றோ நன்றி என்றோ எழுதுவான் என்று
முட்டாள்தனமாய்க் காத்திருந்தேன்.
கார் ஹீட்டர் பிளக் சொருகினாயா?

மறந்துதான் போயிருந்தேன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
நைட்டிமேல் அவன் கோட்டை மாட்டிக்கொண்டு
போய்ச் சொருகினேன்.
உடனே உள்ளே வரவில்லை.
இந்தக் குளிரில் அழுதால் இமை ஒட்டிக்கொள்ளும்,
ஊரில் எல்லாருக்கும் தெரியும்.
ஒட்டிக்கொண்டது.

ஜன்னலில் சத்தம்.
குழாயும் கட்டுமாய் நின்று
பேனாவால் கண்ணாடியைத் தட்டுகிறான்,
உள்ளே வா என்றா
சரியாகச் சொருகு என்றா.