முள்

மேடையை நான் முன்னாலிருந்து பார்த்ததில்லை.
இருபத்திரண்டு வருஷமாய்ப் பக்கவாட்டில்,
பேசுகிறவர்களின் செருப்புக்கு நேராக உட்கார்ந்து
ஆம்ப்ளிஃபயரின் முள்ளைப் பார்த்திருக்கிறேன்.
கத்தினால் சிவப்புக்குப் போகும்.
மூச்சு விட்டால் நடுங்கும்.
மெய்யா பொய்யா என்று அதற்குத் தெரியாது.

கூட்டம் மசிகிற நேரத்தை முள் காட்டாது.
கடலைத் தோல் காட்டும்.
உடைக்கிற சத்தம் சட்டென்று நிற்கும் பாருங்கள்,
அப்போது வால்யூமில் கை வைக்கக் கூடாது.

முக்கூடலில் அன்றைக்குப் பீடிக் கூட்டம்.
பொருநைப் பேரிடி ஆறுமுகநயினார்
முக்கால் மணி நேரம் இடித்தார்.
உழைப்பு என்றார், உதிரம் என்றார்,
இமயம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.
கைதட்டல் இருந்தது.
கடலையும் உடைந்துகொண்டிருந்தது.

நன்றியுரைக்கு முன்னால் யாரோ தள்ளிவிட
முப்பிடாதி ஏறினாள்,
சேலையில் ஒட்டிய தூளைத் தட்டிக்கொண்டே.
மைக் அவள் நெற்றிக்கு நேராக நின்றது.
இறக்கிவைக்க நான் எழுந்துபோனேன்.

"ஆயிரத்துக்கு நாப்பது கட்டு.
போன செவ்வாக்கெழம மூணு கட்டக் கழிச்சுட்டாரு செக்கரு.
தல மடிப்பு சரியில்லையாம்.
சரி, கழிச்சதக் குடுங்கன்னேன். குடுக்கல.
சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு
பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு கட்டு பீடி வாங்கியாந்தாரு.
காசு குடுத்துல்லா வாங்கியிருக்காரு.
பாத்தா, பச்ச நூலு.
எனக்கு எடக்கைப் பழக்கம்,
முடிச்சு அந்தப் பக்கமாத்தான் விழும்.
என் முடிச்சு."

பிறகு என்ன சொல்ல வந்தோம் என்பது
மறந்துபோய் நின்றாள்.
"அவ்வளவுதான்" என்று மைக்கிடம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

முள் அடியில் கிடந்தது.
ஒரு கடலைகூட உடையவில்லை.
ஹாரன் கட்டிய வேம்பில் ஒரு காக்கை
இடம் மாறி உட்கார்ந்தது கேட்டது.

ஆறுமுகநயினாரைப் பார்த்தேன்.
நோட்டீஸின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் ஆலங்குளம்.
அதே மைக், அதே வயர், மேற்கே சாரல் காற்று.
"என்னைப் பெற்றவள்" என்று தொடங்கினார்,
குரலைத் தாழ்த்தி.
பேரிடிக்குத் தாழ்த்தத் தெரியும் என்பது
எனக்கே அன்றுதான் தெரியும்.

மூணு கட்டு ஏழு கட்டாகியிருந்தது.
புருஷன் செத்திருந்தான்.
அவன் படத்துக்கு முன்னால் வைக்கப்
பீடி வாங்கப் போனது பத்து வயசுப் பையன்,
அதாவது ஆறுமுகநயினார்.
பச்சை நூல் அப்படியே இருந்தது.
இடது கை அப்படியே இருந்தது.
எதைத் தொடக் கூடாது என்று
மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

முடிச்சு என்றார்.
அவள் மறந்து நின்ற இடத்தில்
அவர் மறக்காமல் நின்றார்.
எண்ணினேன், ஆறு மூச்சு.

கடலை நின்றது.
முன்வரிசைப் பெண்கள் முந்தானையைக் கடித்தார்கள்.
கம்பெனிக் கணக்கப்பிள்ளை ஒருவர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எல்லாம் தெரிந்த எனக்கும்
முள் கலங்கித் தெரிந்தது.
என் கண்ணை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த மாதம் கம்பெனிக்காரர்கள்
கழிவைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள்.
முப்பிடாதிக்கும் வந்தது, அந்த மூணு கட்டுக்கும் சேர்த்து.
முக்கூடலில் கூட்டம் பேசி ஒரு பைசா வரவில்லை என்பதையும்
இங்கே சொல்லத்தான் வேண்டும்.
ஆலங்குளத்தில் தனக்கொரு பிள்ளை பிறந்ததும்
தாலி அறுந்ததும் அவளுக்குத் தெரியாது.
அவள் புருஷன் இப்போதும்
பஸ் ஸ்டாண்டில் நின்று பீடி குடிக்கிறார்.
இரண்டு தடவை நெருப்பு கேட்டு வாங்கியிருக்கிறேன்.
சொன்னதில்லை.

ஆலங்குளத்துக் கூட்டம் கலைந்த ராத்திரி
முழங்கையில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.
துண்டை உதறிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.
"எப்படி வே இருந்துச்சு?"

நாக்கு நுனியில் எத்தனையோ இருந்தது.
"எக்கோ கொஞ்சம் கூடிட்டு, அண்ணாச்சி."

யோசித்தார்.
"சுரண்டையில கொறச்சுருவோம்" என்றார்.