விரலை மீண்டும் வைக்கவும்

ஐந்தே முக்காலுக்குக் கரடிப்போக்கில் பஸ் ஏறி
ஆறரைக்கு வாசல் மிசினில் விரல் வைத்தால்
சிவப்பாய்ச் சிணுங்கும்.
மூன்று மொழியிலும் ஒரே சொல்:
விரலை மீண்டும் வைக்கவும்.

வைத்தேன்.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
எச்சில் தொட்டு வைத்தேன்.
பின்னால் நாற்பது பேரின் மூச்சு என் பிடரியில்.
நிரோஜினி, ஏழாம் லைன், வரவில்லை என்று
மாசக் கடைசியில் மூன்று நாள் வெட்டியிருந்தது.
வராத அந்த நாட்களில் நான் தைத்த சட்டைகள்
ஏதோ நாட்டில் யாரோ தோளில் நடந்து திரியும்.

சுட்டுவிரல் நுனியில் அது,
காய்ந்த பாகற்காய்த் தோலில் ஒரு துண்டாக.
நடுவே எள்ளுப் போட்ட மாதிரிக் கறுப்புப் புள்ளிகள்.
"வேர் அது" என்றாள் விதுர்ஷா, ஊசியால் காட்டி.
"வேரோடை கிண்டினாத்தான் போகும்."
பஸ்ஸில் ஒருத்தி,
நட்சத்திரம் எண்ணியிருப்பாய், அதுதான் மரு, என்றாள்.
எண்ணினேன்தான்.
ஒன்பது வயதில், கூரையில்லாத ஒரு மாசம் முழுக்க.
அதற்கான பில் இவ்வளவு பிந்தியா வரும்?

கிண்டினேன்.
மோட்டார் சைக்கிள் பற்றரித் தண்ணியும் ஒரு சொட்டு வைத்தேன்.
மரு அப்படியே இருந்தது.
சுற்றியிருந்த நான்தான் வெந்தேன்.
பிறகு கட்டைவிரலோரம் அது இரண்டு குட்டி போட்டது.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, தோல் கிளினிக், புதன்கிழமை.
நான் முப்பத்தெட்டு.
முப்பத்தேழு ஒரு வயற்காரர்.
நெற்றியோரம் மெழுகு ஒட்டினாற்போல் கபிலத் தடிப்பு,
புற்றோ என்று மூன்று மாசமாய் நித்திரை இல்லையாம்.
டொக்டர் பர்ஹானா கண்ணாடி வைத்துப் பார்த்து,
"வயசோட வாறது ஐயா. ஒருத்தருக்கும் தொற்றாது.
விட்டுடுங்கோ" என்றா.
அவர் எழும்பவில்லை.
"அப்ப இது?"
காது மடலில் உப்புத்தாள் போல் ஒரு சொரசொரப்பு.
உரித்தால் இரத்தம், ஆறினால் திரும்பவும் செதில்.
டொக்டர் இந்த முறை சிரிக்கவில்லை.
சின்னத் துண்டு வெட்டிப் பார்க்கவேணும் என்று எழுதினா.
"தொப்பியில்லாமல் நாற்பது போகம்" என்றார்,
யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவர் போல.

பிறகு என் விரல்.
கத்தியால் மேலே சீவினா. நோகவில்லை.
கறுப்புப் புள்ளிகள் சிவந்து கசிந்தன.
"வேரில்லைப் பிள்ளை. அடைபட்ட இரத்தக்குழாய் நுனி.
எல்லாம் மேல்தோலிலதான். கிண்டக் கிண்டப் பரவும்.
பல்லால நூல் கடிப்பீரோ?"
உதட்டை மூடிக்கொண்டேன்.

உறையவைக்கிற புகை அந்தக் கிழமை வந்துசேரவில்லை.
ஒரு சின்னப் போத்தல் தந்தா.
இரவில் பத்து நிமிசம் இளஞ்சூட்டுத் தண்ணியில் விரல்,
பிறகு அரம், அது எனக்கு மட்டும்.
சுற்றிவர வஸ்லீன் பூசி
நடுவில் ஒரு சொட்டு அமிலம், மேலே பிளாஸ்டர்.
வெள்ளையாய்ச் செத்த தோல் உரிய உரியப்
பன்னிரண்டு கிழமை.
ஐந்தாம் கிழமை வெறுத்துப்போய்ப் போத்தலை ஒளித்தேன்.
ஆறாம் கிழமை சம்பளத் துண்டு வந்தது.
தேடி எடுத்தேன்.

சுகம் எண்டு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தேன்.
"மரு இருக்குமட்டும் ரேகை அதைச் சுற்றிப் போகும்.
குறுக்காலை ஓடத் தொடங்கினா முடிஞ்சுது."

ஒரு ஞாயிறு, தையல் விளக்கின் கீழ்,
இரணைமடுத் தண்ணி வருமுன் உழுதுவிட்ட வயல்போல்
என் விரலில் கோடுகள்.
மருந்தே வைக்காத குட்டிகள் இரண்டும்
எப்போதோ சொல்லாமல் போயிருந்தன.

திங்கள் மிசின் பச்சை காட்டியது.
மூன்று நாள் காசு திரும்பவில்லை.

புதன் டொக்டரிடம் காட்டப் போனேன்.
"முப்பத்தேழு" என்று கூப்பிட
ஒரு பிள்ளைத்தாய்ச்சி எழும்பினாள்.
என் நம்பர் வரும்வரை வாசலையே பார்த்திருந்தேன்,
தொப்பி போட்ட ஒருவர்
வருவார் என்று.