ஒற்று மிகா இடம்

போரா வீசத் தொடங்கினால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்களாம், பிடித்துக்கொண்டு நடக்க.
அது பழைய த்ரியெஸ்தே.
இப்போது கயிறு இல்லை;
குப்பைத் தொட்டிகள் தாமாகவே சரிவில் இறங்கிக்
கடலைப் பார்க்கப் போகின்றன.
அப்படி ஒரு பிப்ரவரிச் செவ்வாயில்
நாங்கள் அதை வெளியிட்டோம்.

நாங்கள் என்றால் நேவியாவும் நானும்,
அரை நாள் மட்டும் வரும் துல்லியோவும்.
அது என்றால்,
அதைச் சொல்லத்தான் எனக்கு இன்னும் வரவில்லை.
வங்கியில் கடன் கேட்கப் போனபோது
'உள்ளடக்க மேலாண்மை' என்று ஆரம்பித்தேன்.
அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.
நேவியா குறுக்கே புகுந்தாள்:
"வீடு கட்டிய கொத்தனாரையே
விளக்குப் போடவும் கூப்பிடுகிறார்கள், ஐயா.
நாங்கள் சுவரில் ஒரு சுவிட்சு வைக்கிறோம்."
கடன் கிடைத்தது.
கேட்டதில் பாதி.

இரண்டு வருடத்தில் எழுதியதைவிட
அழித்ததுதான் அதிகம்.
நாற்பத்தொரு பொத்தான்களில் தொடங்கினோம்.
எழுத்துருவை மாற்றும் பொத்தான் போனபோது
துல்லியோ ஒரு வாரம் பேசவில்லை.
"கடைக்காரன் கையில் வண்ணப்பெட்டியைக் கொடு,
இணையதளம் வரைந்தவள் செத்தாள்" என்றாள் நேவியா.
போயிற்று அதுவும்.
மிஞ்சியவை மூன்று:
திருத்து. பார். வெளியிடு.
நான்காவதாக, செய்ததைத் திருப்பிப் போட,
'ஐயோ' என்று ஒன்று.
பெயர் வேடிக்கையாக இருக்கிறதென்று
அதைப் பக்கத்தின் அடியில்
கூச்சத்தோடு உட்கார வைத்தோம்.

மாலை ஆறு மணி.
இருநூற்றுப் பதினான்கு டிசைனர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று.
இலை போட்டு, தண்ணீரும் தெளித்தாயிற்று;
பந்தியில் ஒருவரும் உட்காரவில்லை.
ஏழு. எட்டு.
ஜன்னல் கண்ணாடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.
ஒன்பதரைக்கு ஒரு புதுக் கணக்கு!
துல்லியோ.
பழைய கடவுச்சொல் மறந்துவிட்டதாம்.

பதினொன்றுக்கு மோன்ஃபல்கோனேயிலிருந்து
ஒந்தினா என்றொரு பெண்
ஒரே வரி எழுதியிருந்தாள்:
'இதை என் மீன்கடைக்காரர் இயக்குவாரா?'
மூவரும் அதை
ஜாதகம்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
தெரியாது, என்று பதில் அனுப்பினேன்.

விடிகாலை ஐந்தரைக்கு
அவள் தொலைபேசி அடித்ததாம்.
ஆறு வருடமாக அதே நேரம், அதே எஜிதியோ:
இறால் வரவில்லை, எடுத்துவிடு;
கணவாய் விலையை மாற்று;
நாளைக்குக் கடை இல்லை, போடு.
போர்வைக்குள்ளிருந்தே பேனாவைத் தேடினாள்.

"ஒன்றும் வேண்டாம். நானே போட்டுவிட்டேன்."
"பிறகு எதற்குக் கூப்பிட்டீர்கள்?"
"போட்டுவிட்டேன் என்று சொல்லத்தான்."

அவள் பார்த்தாள்.
எங்களுக்கு அனுப்பினாள், நாங்களும் பார்த்தோம்.
'தினமும் கடலிலிருந்து நேராக' என்று
அவள் அழகாக எழுதி வைத்திருந்த இடத்தில்
இப்போது இருந்தது:
காற்று. படகு போகவில்லை.
இருப்பது நேற்றைய நெத்திலி. பாதி விலை.

நெத்திலிக்கு அவர்கள் மொழியில்
சகரம் இரட்டிக்க வேண்டும்.
எஜிதியோ ஒன்றோடு நிறுத்தியிருந்தார்,
அந்தக் கரையில் வாய் பேசுகிறபடியே.
ஒந்தினா ஒற்றைச் சேர்க்கப் போய்,
'திருத்து' என்பதன்மேல் விரலை வைத்து,
வைத்தபடியே இருந்து,
எடுத்துவிட்டாளாம்.

பிழை காட்ட ஒரு பொத்தான் வைக்கலாமா
என்று துல்லியோ கேட்டான்.
நேவியா அவன் கையிலிருந்த காபியை வாங்கிக்
குடித்து முடித்தாள்.

காற்று நிற்கவில்லை.
எட்டு மணிக்கெல்லாம் நெத்திலி தீர்ந்துவிட்டதென்று
எஜிதியோ மறுபடி எழுதியிருந்தார்,
இம்முறையும் ஒரே சகரம்.
எங்களுக்கு அடுத்த ஆள் வந்தது
வியாழக்கிழமைதான்.