ஒன்பதாம் கண்

இந்த வலைக்குப் பன்னிரண்டு வகைக் கண்கள்.
பட்டாணி சிக்கும் கண்ணில் தொடங்கி
என் கை நுழையும் கண் வரை
ஒரே கயிற்றில்.
மாலை ஏழுக்கு இறக்கிக் காலை ஏழுக்கு இழுக்க வேண்டும்.
சட்டம் அப்படி.
துடுப்பு ஹில்க்காவிடம். வலை என்னிடம்.
பதிவேடு என் முழங்காலில், ஈரம் படாமல்.

முஸ்தலம்பி என்றால் கறுப்புக் குட்டை.
தேயிலைச் சாயம்போல் தண்ணீர்.
சுற்றிலும் பைன், நடுவில் நாங்கள்,
பின்லாந்தின் வரைபடத்தில்
பேனா முனை தவறித் தொட்ட அளவு.

முதல் கண் காலி.
இரண்டில் ஒரு பைன் ஊசி.
மூன்று, நான்கு, ஐந்து, தண்ணீர்.
எட்டு வரைக்கும் தண்ணீர்.
ஒன்பதில் பதினேழு அஹ்வென் மீன்கள்,
சிவப்புத் துடுப்பும் கறுப்பு வரியுமாக,
ஒரே தச்சன் ஒரே மதியத்தில் இழைத்ததுபோல்
ஒரே நீளம்.
முதல் மீனே முதுகு முள்ளால்
என் கட்டைவிரலில் கையெழுத்துப் போட்டது.

படகுக் கொட்டகையில் வெந்நீர்.
செவுள்மூடி எலும்பை அவித்து, தோல் உரித்து
விளக்குக்கு நேரே பிடித்தால்
வளையம் வளையமாகக் குளிர்காலங்கள்.
எட்டு.
அடுத்ததிலும் எட்டு.
பதினேழையும் பார்த்துவிட்டேன்.

பனி சீக்கிரம் உருகிய அந்த ஒரு வருடம்
பிறந்து பிழைத்த கூட்டம் இது.
அதற்குப் பிறகும் ஒவ்வொரு மே மாதமும்
அமிழ்ந்த கிளைகளில் முட்டைச் சரம் தொங்குகிறது,
ஈர ஜரிகை மாதிரி.
பொரிக்கிறது.
ஆகஸ்டுக்குள் பெற்றவையே தின்றுவிடுகின்றன.
வேறென்ன இருக்கிறது இங்கே தின்ன?

சங்கக் கூட்டம்.
பங்குதாரர்கள் நாற்பத்தொருவர், வந்தவர்கள் ஒன்பது பேர்.
"குஞ்சு வாங்கி விடுவோம், இருபதாயிரம்" என்றார் தாவெத்தி.
விடலாம், அதற்குப் பெயர் தீவனம் என்றேன்.
"பின்னே?"
பெரியதைப் பிடியுங்கள். பாதியாவது. இந்தக் கோடையிலேயே.
"முப்பது வருஷமாகப் பெரியதை விடு, பெரியதை விடு என்றீர்களே!"
என்றோம்.
அது வேறு ஏரிகளைப் பார்த்து எழுதிய சுற்றறிக்கை.

காபி ஆறிக்கொண்டிருந்தது.
ஹில்க்காதான் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள்.
"அந்த வலையை இங்கே வீசினாலும்
நாம் எல்லோரும் ஒன்பதாம் கண்ணில்தான் விழுவோம்."
யாரும் சிரிக்கவில்லை.
கொஞ்சம் பொறுத்துத் தாவெத்தி சிரித்தார்,
இருமல் வரும்வரை.

கம்பிக்கூண்டு, உள்ளே ஸ்ப்ரூஸ் கிளை.
மூன்று வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
ஆல்டர் புகையில் வாட்டி வாட்டி
ஜன்னல் திரைவரை மீன் மணந்தது.
பூனைகள் முகம் திருப்பிக்கொண்டன.
உர்போ மட்டும் வரவில்லை.
தன் படித்துறையில் ஒற்றைத் தூண்டிலோடு உட்கார்ந்து
பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டான்,
எங்களுக்குத் தெரியும்படி,
கையை உயர்த்தி.

மறு ஆகஸ்ட்.
இரண்டாம் கண்ணில் ஆறு,
சுண்டுவிரல்கூட இல்லை,
வரி இப்போதுதான் விழத் தொடங்கியிருக்கிறது.
ஹில்க்கா துடுப்பை நிறுத்திவிட்டாள்.
சொட்டுவது கேட்டது.

ஒன்பதில் ஒன்று.
மேலுதடு கிழிந்து ஆறியிருந்தது, ஒருமுறை அல்ல.
யாருடைய கொக்கி என்று கேட்கத் தேவையில்லை.
அளந்தேன்: போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கூட.
செவுள் திறந்து மூடிக்கொண்டிருந்தது.
அதை விட்டால்
அந்த ஆறின் உடன்பிறந்தவை எத்தனை போகும்
என்று கணக்குப் போடத் தெரிந்தவள் நான்.
ஹில்க்கா எதிர்க்கரையைப் பார்த்தபடி
படகைக் கொஞ்சம் திருப்பினாள்,
என் முதுகு படித்துறைக்கு வரும்படி.

கண் ஒன்பதுக்கு நேரே எழுதினேன்: ஒன்று.
நீளம். எடை.
அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எழுத
இந்தப் பதிவேட்டில் பத்தி கிடையாது.