முப்பத்தொன்றாம் பக்கம்

மஞ்சள் வில்லை, பன்னிரண்டு வயதுக்கு மேல்.
ஊதா, பதினைந்துக்கு.
என் நகக்கண்ணில் எப்போதும் பசை.

தேனோ ஆற்றை ஒட்டிய சாலையில்
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை
எங்கள் நூலகப் பேருந்து போகும்.
நிறுத்தத்துக்கு இருபது நிமிடம்.
சூரியன் எழாத மாதம் இது.
ஓட்டுநர் ஆர்மாஸ் விளக்கை அணைப்பதே இல்லை.
ஏறுகிறவர்களின் பூட்ஸிலிருந்து பனி உருகி
கதைப் பிரிவு வரை ஓடும்.

அந்த நாவலை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன்,
கையில் பட்டியலோடு.
ரத்தம் இருக்கிறது, இரண்டு இடத்தில்.
முத்தம் ஒன்று, நீளமானது.
கெட்ட வார்த்தைகள் எண்ணி முடியவில்லை.
சாராயம் உண்டு, ஆனால் குடித்தவன் வாந்தி எடுக்கிறான்,
அதனால் பாதகமில்லை.
மஞ்சளா ஊதாவா என்று
தேநீர் ஆறும்வரை யோசித்து
மஞ்சளை ஒட்டினேன்.
உரித்தேன்.
மறுபடி ஒட்டினேன்.

பிரெத் கேட்டாள். பதின்மூன்று வயது.
படியில் நின்றபடி அவள் அம்மா,
"பிள்ளைக்கு ஆகாதது ஒன்றும் இல்லையே இதில்?"
நான் குரலைத் தாழ்த்தி
நூற்று நாற்பதாம் பக்கத்து ஏரியைச் சொன்னேன்,
தண்ணீர் சிவப்பதைச் சொன்னேன்.
அம்மா சிரித்துவிட்டாள்.
இலையுதிர்காலத்தில் கலைமான் அறுக்கிற நாளில்
வாளியைப் பிடிப்பவளே இவள்தானாம்.
முத்தத்தைச் சொன்னேன்.
பிரெத் பேருந்தின் கூரையைப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் புத்தகம் திரும்பி வந்தது.
உள்ளே சிவப்புக் கம்பளி நூல்,
முப்பத்தொன்றாம் பக்கத்தில்.

"பிடிக்கவில்லையா?"
"பிடிச்சிருக்கு."
கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
"இப்ப வேண்டாம். ஆனா நூலை எடுத்துடாதீங்க."
எந்த நூலை என்று
நான் கேட்கவில்லை.

அவள் இறங்கியபின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
இரண்டு இரவும் நான் வேகமாய்க் கடந்த பக்கம்.
ஓர் அப்பா பெட்டி அடுக்குகிறார்.
மூன்று நாள் பயணம் என்கிறார்.
மகள் கதவருகே நின்று சட்டைகளை எண்ணுகிறாள்.
குளிர்காலக் காலணியும் பெட்டிக்குள் போகிறது.
கதையில் அப்போது ஜூன் மாதம்.
அவ்வளவுதான். யாரும் அழவில்லை.

என் பட்டியலில் இதற்குக் கட்டம் கிடையாது.

பிரெத்தின் அட்டையில்
இரண்டு பெற்றோர், இரண்டு தொலைபேசி எண்.
ஒன்று ஆகஸ்டில் மாறியது,
எல்லைக்கு அப்பால், நார்வே எண்.
மாற்றித் தட்டியதே நான்தான்.
தட்டிவிட்டு அடுத்த அட்டையை எடுத்திருப்பேன்.

புத்தகத்தை நூலோடு
ஆர்மாஸின் இருக்கைக்கு அடியில் வைத்தேன்,
இழுவைக் கயிற்றுக்கும் காபிக் குடுவைக்கும் நடுவில்.
பதிவேட்டில் 'பழுதுபார்ப்பில்' என்று போட்டேன்.
திரும்பும் தேதியைக் காலியாக விட்டேன்.

அடுத்த நிறுத்தத்தில் ஒருவன் ஏறினான்.
பதினொரு வயது, மூக்கு ஒழுகல்,
ரத்தம் நிறைய வருகிற கதை வேண்டுமாம்.
வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று
கேட்க வாய் எடுத்து,
அங்கே பனி எவ்வளவு என்று கேட்டேன்.