இடப்பக்கம் இழுக்கும் குச்சி

இரும்பாலையில் அவன் காண்ட்ராக்ட் ஆள்,
நிரந்தரமாய் ரெண்டாவது ஷிஃப்ட்.
நான் நாலு ரோடு லேபில்
வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு
ஆறு மணிக்கே முதல் ஊசி.
நான் கிளம்பும்போது அவன் தூங்குவான்,
அவன் திரும்பும்போது நான்.
ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு
ரேஷன் கார்டை விட்டால்
டிவிக்குக் கீழே நீல விளக்கெரியும்
அந்தக் கறுப்புப் பெட்டிதான் அத்தாட்சி.

செவ்வாய்ப்பேட்டையில் பழசாய் வாங்கியது.
ஒரு கன்ட்ரோலர். ஒரு சேவ் ஃபைல்.
மஞ்சள் முடி, இரும்புக் கவசம், தோளில் கோடரி.
நாங்கள் வைத்த பெயர் மாரப்பன்.

நள்ளிரவில் அவன் ஓட்டுவான்,
பிற்பகல் மூன்றுக்கு மேல் நான்.
வாசலில் மூன்று மீன் கிடந்தால்
கோபம் தீர்ந்தது என்று நானாக வைத்துக்கொண்டேன்.
வளையலை அடகு வைத்ததற்கு நான் கத்திய மறுநாள்
என் குதிரையை விற்றிருந்தான்.
நான் மாரப்பனை
கவசத்தோடு கழுத்தளவு ஆற்றில் நிறுத்தி
சேவ் செய்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

ஆடி பிறந்ததும் இடது குச்சி கெட்டது.
கையை எடுத்தாலும் போதும்,
மாரப்பன் தானாக இடப்பக்கம் நடப்பான்.
ஃபயாஸ் பிரித்துப் பார்த்தான்.
"தட்டுவடைத் தூளுக்கா,
பீட்ரூட்டுகூட இருக்கு.
புதுக் குச்சி தொள்ளாயிரம்."
அடுத்த மாசம் என்றோம், எதற்கும் சொல்வதுபோல்.

அப்புறம் தினமும்
மாரப்பன் சுவரைப் பார்த்தபடி நின்றான்.
வீட்டுப்பாடம் எழுதாதவன் மாதிரி
மூக்கு செங்கல்லில் உரச.
பெட்டியை அணைக்காமல் தூங்கிவிடுவது அவன் பழக்கம்,
கரண்ட் பில்லைக் காட்டியும் பயனில்லை.
சுவர் எதற்கென்று நான் கேட்கவுமில்லை.

புரட்டாசியில் ஒருநாள் சுவரை மறந்துவிட்டான்.
திரும்பி வந்து பார்த்தால் வீடில்லை, வயலில்லை.
பதினாலு மணி நேரம் இடப்பக்கமாகவே நடந்து
பாலம் தாண்டி, காடு தாண்டி,
இருவரில் எவரும் போயிராத ஓரிடத்தில்
உலகம் முடிகிற வெள்ளை மூட்டத்தில் முட்டியபடி
மாரப்பன்.
கால்கள் நடக்கின்றன. தூரம் நகரவில்லை.
கன்ட்ரோலரை நான் தொடவில்லை.
பால் பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன்.

எங்கள் மொட்டை மாடியிலிருந்து வடக்கே பார்த்தால்
சேர்வராயன் மலை.
கல்யாணமாகி நாலு வருஷம், ஏறியதில்லை.
அங்கிருந்து ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்
வளைவுகளில் வாந்தியெடுத்த வாயோடு
என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்,
அவ்வளவுதான் எனக்கும் ஏற்காட்டுக்கும்.

அன்றிரவு பதினொன்று வரை விழித்திருந்தேன்.
ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டான்,
"யாருக்கு என்னாச்சு?"

அவனுக்குப் புதன் வார விடுப்பு.
எனக்குக் காய்ச்சல் என்று லேபில் சொன்னேன்.
இருபது வளைவில் ஒன்பதாவதில்
பைக் லேசாய் இடப்பக்கம் இழுத்தது.
"இதையும் ஃபயாஸ்கிட்ட காட்டணும்" என்றான்.
ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தது
அவன் முதுகுக்குக் கேட்டிருக்கும்.

லேடீஸ் சீட்டில் சேலம் தெரியும் என்றார்கள்.
ஒன்றும் தெரியவில்லை.
கம்பிக்கு அப்பால் ஒரே வெள்ளை.
ஆத்தூர்க் குடும்பமொன்று
அந்த வெள்ளையை முதுகுக்குப் பின்னால் வைத்து
ஒவ்வொருவராய்ப் படம் எடுத்துக்கொண்டது.
"இன்னும் லோடு ஆகல" என்றான்.
எங்களிடம் அவசரம் இல்லை,
மிளகாய் பஜ்ஜி இருந்தது.

கீழே எங்கோ ஒரு பஸ் ஹாரன்,
எந்த வளைவு என்று சொல்ல முடியவில்லை.
காற்று கொஞ்சம் மாறியது.
தன்னை அறியாமல் அவன் ஓரடி
இடப்பக்கம் நகர்ந்தான்.
அந்தப் பக்கம்தான் நான் நின்றிருந்தேன்.
நகரவில்லை.